மார்கரெட்டைப் பற்றிய பத்துக் கேள்விகள்

அந்தப் புஸ்தகத்தக் கொஞ்சம் மூடி வை கண்ணு. எட்டிப் பாக்கறேன்னு தப்பா எடுத்துக்காத, பழக்கம் அப்படி. பென்குயின் பாசேஜ்தான அது? ஆண் பென்குயின் முட்டையக் கால்மேல வச்சுக் காப்பாத்தும், பொம்பளப் பென்குயின் மீன் தேடிக் கடலுக்குப் போயிரும். முதல் கேள்வி, பென்குயின் எங்க வாழுது. ரெண்டாவது, முட்டைய யாரு பாத்துக்கறா. பாரு, புஸ்தகத்தத் தொடாமயே சொல்றேன். இருவது வருஷமா அதே பென்குயின்தான் முட்டை மேல நின்னுட்டு இருக்குது.

என்ன பரீட்சைக்குப் படிக்கற? சரி சரி. நல்லா வரும்.

நான் சுகந்தாமணி. தாராபுரம் பஸ் ஸ்டாண்டுல எறங்கி சுகந்தாமணி மிஸ் வீடு எங்கன்னு கேட்டா பூக்காரம்மாகூட வழி சொல்லும். பிளஸ் ஒன், பிளஸ் டூ பசங்களுக்கு இங்கிலீஷ் எடுக்கறேன். ஏபிசிடி டியூஷன்னு நெனச்சுக்காத. ஏற்கெனவே நல்லா வர்ற பசங்களுக்கு மட்டும். கிராமர், வார்த்தைக, டிரான்ஸ்லேஷன், பாசேஜ் படிச்சு பதில் எழுதறது. பன்னண்டு பேருக்கு மேல சேக்க மாட்டேன். இப்ப ஆறு பேருதான் வர்றாங்க. அது வேற கத. வேற என்ன வேற, அதேதான் கத.

பல்லடம் போறேன், என்ற மக வீட்டுக்கு. நாலு வருஷமாச்சு அவளப் பாத்து. கதவத் தொறப்பாளா மூஞ்சில சாத்துவாளான்னு தெரியாது. ஆனா ஒண்ணு, நான் மன்னிப்புக் கேக்கப் போகல. அத இப்பவே சொல்லிர்றேன். நான் ஒண்ணும் கொலக் குத்தம் பண்ணல. இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தேன், அவ்வளவுதான்.

நீயும் பல்லடந்தானா? நல்லதாப் போச்சு. பஸ்ஸு இன்னும் குண்டடமே வரல.

இந்தப் பென்குயினால வந்த வெனைதான் எல்லாம். பசங்க பாசேஜப் படிக்கவே மாட்டாங்க கண்ணு. கேள்வில இருக்கற வார்த்தைய பாசேஜ்ல தேடுவாங்க, அந்த வரிய அப்படியே எடுத்து எழுதுவாங்க. படிச்சியாடான்னா படிச்சேன் மிஸ்ஸும்பான். பென்குயின் மீனா பறவையான்னா முழிப்பான். ஒரு நா கோவம் வந்து நானே ஒரு பாசேஜ் எழுதுனேன். எங்க வீதில ரேசன் கடை வரிசைல நடந்த சண்டைய எழுதி, கீழ பத்துக் கேள்வி போட்டு, ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தேன். அன்னைக்குப் பாக்கணும் நீ. ஒருத்தன் தல நிமிரல. கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டு, அப்புறம் என்ன ஆச்சு மிஸ்ஸுன்னு கேக்கறாங்க. இங்கிலீஷ் பாசேஜப் படிச்சுட்டு அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்ட பசங்களை நீ எங்கயாச்சும் பாத்திருக்கியா?

அதுலருந்து வாராவாரம் சனிக்கெழம நம்ம பாசேஜ்தான். யாரு மனசும் நோகக்கூடாதுன்னு பேரெல்லாம் மாத்திருவேன். வெள்ளைக்காரங்க பேருதான் வைப்பேன். கேத்தரின், ஆல்பர்ட், எலிசபெத். ஒருக்கா கேத்தரின் மாரியம்மன் கோயிலுக்குத் தீச்சட்டி எடுத்தான்னு எழுதிட்டேன். கேத்தரின் தீச்சட்டி எடுப்பாளா மிஸ்ஸுன்னு ஒரு பையன் கேட்டான். ஏன், எடுத்தா சுடாதான்னு கேட்டேன். உக்காந்துட்டான்.

ஊருக்குள்ள என்ன பேசுனாங்க தெரியுமா? சுகந்தாமணி வீட்டுக்குள்ள பேசறதயெல்லாம் எழுதி வீதிக்குக் குடுக்கறான்னு. இங்கிலீஷ்லதான எழுதறேன், உங்களுக்கென்ன புரிஞ்சுதுன்னு கேட்டேன். புள்ளைக டிரான்ஸ்லேஷன் பண்ணிச் சொல்றாங்களாமா. பாரு, அந்த அளவுக்கு நல்லா சொல்லிக் குடுத்திருக்கேன். அதுக்கு ஒரு வார்த்த பாராட்டுண்டா?

சரி, என்ற மகளுக்கு வர்றேன்.

பூங்கோத. அவிய அப்பா வச்ச பேரு. அவரு பால் சொசைட்டில இருந்தாரு, அவரு தவறிப் போயி எட்டு வருஷம் ஆச்சு. எங்கூட்டுல ஒரு சட்டம் உண்டு கண்ணு. என்ன வேணும்னாலும் இங்கிலீஷ்ல எழுதித்தான் கேக்கணும். செருப்பு வேணுமா, டூர் போகணுமா, தேர் பாக்கப் போகணுமா, லீவ் லெட்டர் மாதிரி எழுது. அனுப்புநர், பெறுநர், பொருள், எல்லாம் இருக்கணும். தப்பில்லாம எழுதுனா கெடைக்கும். தப்பிருந்தா செவப்புல சுழிச்சுத் திருப்பிக் குடுப்பேன், திருத்தி எழுதிட்டு வரணும். அஞ்சு வயசுலருந்து அப்படித்தான். ஒருக்கா தேர் நெலைக்கு வந்து சேர்ற வரைக்கும் திருத்தி எழுதிட்டு இருந்தா. இத வெளிய சொன்னா ஐயோ பாவம்பாங்க. என்ன பாவம்? எத்தன வீட்டுல இலவசமாக் கெடைக்கும் இந்தப் படிப்பு?

அப்படி வளத்த புள்ள காலேஜ்ல என்ன எடுத்தா தெரியுமா? தமிழ். பி.ஏ. தமிழ், அப்புறம் எம்.ஏ. தமிழ். இங்கிலீஷ் மிஸ் மக தமிழ். எனக்கு எப்படி இருந்திருக்கும்? தமிழ்ல எப்பவும் அவதான் முதல் மார்க்காமா, அத வேற ஒருத்தரு சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரேங்க் கார்டுல நான் ஒரு வரிதான் பாப்பேன்.

இப்ப பல்லடத்துல ஒரு பள்ளிக்கூடத்துல தமிழ் மிஸ். கரண்டு எடுக்கற காத்தாடி மில்லுல வேல பாக்கற ஒரு பையனக் கட்டிக்கிட்டா, அவளாப் பாத்து. அந்தா தெரியுது பாரு சுத்திட்டு, அதுமேல ஏறி எறங்கற வேல. சாதி கீதின்னு கணக்குப் போடாத, அதெல்லாம் எனக்கில்ல. கட்டிக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி எனக்கு ஒரு லெட்டர் போட்டா. இங்கிலீஷ்ல. அனுப்புநர், பெறுநர், பொருள், எல்லாம் போட்டு.

இருவத்தி மூணு தப்பு.

நீயே சொல்லு, நான் என்ன பண்ணட்டும்? தப்பக் கண்டா எனக்குக் கை சும்மா இருக்காது. பேனாவ எடுத்தேன், சுழிச்சேன், ஓரத்துல சரியானத எழுதுனேன். கீழ மார்க்கும் போட்டேன். இருவத்தஞ்சுக்கு எட்டரை. பாஸ் மார்க் ஒம்போது. அன்னைக்கே தபால்ல போட்டுட்டேன். லேட் பண்ணல. திருத்தி எழுதி அனுப்புவான்னு பாத்தேன். வரல. போனும் வரல. கல்யாணம் முடிஞ்சிருச்சுன்னு பூக்காரம்மா சொன்னா. எனக்கு வெசனமில்லைங்கற? இருந்துது. ஆனா சட்டம் ஒருத்தருக்கு ஒண்ணு, இன்னொருத்தருக்கு ஒண்ணா இருக்க முடியுமா?

திருத்தறதுக்கு முன்னாடி ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சேன். தப்புக் கண்டுபுடிக்கற எக்சர்சைஸுக்கு அதமாதிரி கெடைக்காது. எல்லா வகத் தப்பும் ஒரே பக்கத்துல. பூங்கோதங்கறத எலிசபெத்துன்னு மாத்தி, வருஷா வருஷம் ஜூலை மாசம் பசங்களுக்குக் குடுத்துருவேன். போன வருஷம் மௌனிகான்னு ஒரு புள்ள அதுல இருவத்தாறு தப்பு கண்டுபுடிச்சுது. என்னைய விட மூணு அதிகம். பூரிச்சுப் போயிட்டேன் கண்ணு.

ஏன் அப்படிப் பாக்கற? பேரத்தான் மாத்துனேனே.

மௌனிகாவப் பத்திச் சொல்லணும். பதினேழு வயசு, பிளஸ் டூ. இத்தன வருஷத்துல அப்படி ஒரு புள்ளைய நான் பாத்ததில்ல. இங்கிலீஷ்ல ஒரு வரியப் பாக்கும், அடுத்த நிமிஷம் தமிழ்ல சுத்தமாச் சொல்லும், தண்ணி குடிக்கற மாதிரி. அவிய அம்மா கலாமணி மாவு மில்லுக்குப் பின்னால இருக்கறா, மூணு ஆடு வச்சிருக்கறா. புள்ளையக் கூட்டிட்டுப் போக வர்றப்ப எங்கூட்டு வாசப்படில உக்காந்து பேசிட்டு இருப்பா. அப்படித்தான் ஒரு நா அழுதுட்டே சொன்னா. வீட்டுக்காரரு ஓமன்ல இருக்காருன்னு புள்ளைகிட்டச் சொல்லி வச்சிருக்கறாளாமா. ஓமனும் இல்ல ஒண்ணும் இல்ல, காங்கேயத்துல வேற குடும்பத்தோட இருக்கறானாம். பரீட்ச முடிஞ்சதும் புள்ளைகிட்டச் சொல்லிருவேங் மிஸ்ஸுன்னா.

கேக்கக் கேக்க எனக்கு என்ன தோணுச்சுன்னா, இது நல்ல பாசேஜ். பொய் சொல்றது தப்பா சரியான்னு பசங்க யோசிப்பாங்கல்ல? எழுதுனேன். கலாமணியக் கேத்தரின் ஆக்குனேன், ஓமன பாரிஸ் ஆக்குனேன், காங்கேயத்த கேம்பிரிட்ஜ் ஆக்குனேன். மூணு ஆட்டயும் மாவு மில்லயும் மட்டும் மாத்தல. மாத்தியிருக்கணும். ஆனா ஆடு இல்லாட்டி கதைல உசுரே இல்ல.

எங்க கிளாஸ்ல ஒரு மொற உண்டு. சனிக்கெழம ஒருத்தரு எந்திரிச்சு நின்னு பாசேஜ சத்தமாப் படிக்கணும், ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லணும். வரிசப்படி வரும். அன்னைக்கு மௌனிகா மொற. நானா கூப்புடல, வரிச அது. மொறைய மாத்துனா மத்த பசங்களுக்கு அநியாயமில்லையா?

எந்திரிச்சுப் படிச்சா. மூணாவது வரில ஆடு வந்துச்சு. நாலாவது வரில கொரலு சன்னமாச்சு. சத்தமாப் படின்னேன். படிச்சா. அஞ்சாவது, ஆறாவது. கடைசி வரிய இங்கிலீஷ்ல படிச்சுட்டு அப்படியே நின்னா. டிரான்ஸ்லேஷன்னேன். சொன்னா. "இந்த விஷயம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கேத்தரினுடைய மகளுக்கு மட்டும் தெரியாது." ஒரு எழுத்துப் பெசகல. பத்துக்கு ஒம்போதரை போட்டேன். அரை ஏன் கொறச்சேன்னா கொரலு தெளிவா இல்ல.

எழுதறப்ப அன்னைக்கு அந்தப் புள்ள மொற வரும்னு எனக்கு எப்படித் தெரியும்னு கலாமணிகிட்டக் கேட்டேன். அன்னைக்குச் சாயந்தரமே வந்துட்டா. கத்துவான்னு பாத்தேன். கத்தல. வாசப்படில உக்காரவும் இல்ல.

"ஏனுங் மிஸ், மூணு வருஷமா என்ற வாய நானே கட்டி வச்சிருந்தேன். நீங்க என்ற புள்ள வாயிலயே சொல்ல வச்சுட்டீங்களே"ன்னா.

"அது கேத்தரின், கலாமணி"ன்னேன்.

"சரிங் மிஸ், கேத்தரின்தானுங்"ன்னுட்டுப் போயிட்டா.

அடுத்த வாரம் ஆறு பேரு நின்னுட்டாங்க. நிக்கட்டும். பென்குயின் படிச்சுட்டுப் போகட்டும். நான் அசரல. அந்தச் சனிக்கெழம மீதி ஆறு பேருக்கு ரெண்டு மணி நேரம் சேத்து எடுத்தேன், ஊரு பாக்கட்டும்னு. காலியா இருந்த எடத்துல மௌனிகா எடமும் ஒண்ணு. அதப் பாக்காமத்தான் எடுத்தேன்.

அதுக்கடுத்த வாரம் வந்தா. கிளாஸ் முடிஞ்சு எல்லாரும் போன பொறவு உள்ள வந்து ஒரு தாள நீட்டுனா. "போன தடவ நீங்க குடுத்தீங்க மிஸ், இந்தத் தடவ நான் குடுக்கறேன். பதில் எழுதுங்க"ன்னா. அழல. முகத்துல ஒண்ணுமில்ல.

பாசேஜ். கீழ பத்துக் கேள்வி. மார்கரெட்டுன்னு ஒரு டீச்சர். மாடி வீட்டுல தனியா இருக்கறா. அவளுக்கு ஒரு மக. மக ஒரு லெட்டர் எழுதுனா. மார்கரெட் அதத் திருத்துனா, படிக்கல. வருஷா வருஷம் அந்த லெட்டர ஊருப் புள்ளைகளுக்குக் குடுத்துத் திருத்தச் சொன்னா. புள்ளைக எல்லாம் அந்த லெட்டரப் படிச்சிருக்காங்க, மார்கரெட் மட்டும் படிக்கல. இதுதான் பாசேஜ்.

தப்பு இருக்குதான்னு தேடுனேன் கண்ணு. மொத வேல அதுதான் செஞ்சேன். ரெண்டு தடவ தேடுனேன். ஒண்ணுகூட இல்ல. புள்ள அங்கயே நின்னுட்டு இருந்துது.

நான் பயந்தவளா? உக்காந்து எழுதுனேன். மார்கரெட்டின் தொழில் என்ன, எழுதுனேன். லெட்டர்ல எத்தன தப்பு, இருவத்தி மூணுன்னு எழுதுனேன். அது இருவத்தாறு மிஸ்ஸுன்னா. சரின்னு அடிச்சுட்டு எழுதுனேன். மகளின் திருமணம் என்ன கிழமை. அங்க கை நின்னு போச்சு. எனக்குத் தெரியல. ஒம்போதாவது கேள்வி, கடிதத்தின் கடைசி வரி எதைக் கேட்கிறது. அதுவும் தெரியல. நாலு வருஷமா அந்த லெட்டர் என்ற பீரோவுல இருக்குது, எத்தனாவது வரில என்ன தப்புன்னு தூக்கத்துல கேட்டாச் சொல்லுவேன், என்ன எழுதியிருந்தான்னு தெரியல.

"பாத்து எழுதலாம் மிஸ், பாசேஜ்தான"ன்னா மௌனிகா.

பீரோவத் தொறந்து ஜெராக்ஸ எடுத்தேன். கண்ணாடியப் போட்டுட்டுப் படிச்சேன். கல்யாணம் சனிக்கெழம. பொருள்னு போட்டு, என் திருமணத்துக்கு வர வேண்டி. எங்கூட்டுச் சட்டப்படி கேட்டிருக்கறா கண்ணு. செருப்புக் கேட்ட மாதிரி, தேர் பாக்கக் கேட்ட மாதிரி. கடைசி வரி என்னன்னா, சனிக்கெழம உனக்கு கிளாஸ் இருக்கும்னு தெரியும்மா, ஒரு மணி நேரம் மட்டும் வந்தாப் போதும், அப்புறம் போயிரலாம். அந்த வரில மூணு தப்பு. மூணயும் சுழிச்சுத்தான் திருப்பி அனுப்பியிருந்தேன்.

அந்தச் சனிக்கெழம நான் கிளாஸ் எடுத்தேன். ரெண்டு மணி நேரம்.

இல்ல கண்ணு, தண்ணி வேண்டாம். ஜன்னல் காத்து. கண்ணுல தூசு அடிக்குது, கொஞ்சம் சாத்து.

ஒம்போது பதிலும் எழுதிக் குடுத்தேன். மௌனிகா என்ற மேஜைலருந்தே செவப்புப் பேனாவ எடுத்துத் திருத்துனா. ஒம்போதும் சரி. "பத்தாவது எழுதலையே மிஸ்"ன்னா. பத்தாவது, மார்கரெட் இப்போது என்ன செய்ய வேண்டும், உங்கள் சொந்த நடையில் எழுதுக. யோசிச்சு எழுதறேன்னேன். "சரிங் மிஸ், அடுத்த வாரம் வரைக்கும் டைம்"ன்னுட்டு, பேனாவ மூடி வச்சுட்டுப் போனா. வாசப்படி கிட்டக் கூப்புட்டு, உங்கம்மாகிட்ட அந்தப் பாசேஜ் தப்புன்னு சொல்லுன்னேன். "எந்த வரில மிஸ்ஸுன்னு கேப்பாங்க"ன்னா. எல்லா வரிலயும்னேன். அதையும் நான் மன்னிப்புன்னு சொல்லல. திருத்தந்தான்.

பொங்கலூர் தாண்டிட்டமா? அதுக்குள்ளயா?

கண்ணு, நீ தமிழ் நல்லாப் படிப்பதான? இந்தக் கவருல ஒரு தாள் இருக்குது. இரு, நானே படிக்கறேன், என்ற கையெழுத்து தமிழ்ல கோழி கிண்டுன மாதிரி இருக்கும். முப்பது வருஷமாச்சு தமிழ்ல ஒரு பக்கம் எழுதி. மூணு நாளு எழுதுனேன், கிழிச்சுக் கிழிச்சு. அனுப்புநர், அம்மா. பெறுநர், பூங்கோதை, தமிழாசிரியை. பொருள், வீட்டுக்குள் வர அனுமதி வேண்டி. மதிப்பிற்குரிய மகளுக்கு. இன்று சனிக்கிழமை. எனக்கு வகுப்பு இல்லை. விடுமுறை விட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் மட்டும் இருந்தால் போதும், அப்புறம் போய்விடுவேன். இவ்வளவுதான். பாத்துக்க, மன்னிப்புங்கற வார்த்தையே இல்ல. தேடிப் பாரு, எங்கயும் இருக்காது.

என்ன, தப்பு இருக்குதா? எங்க? இல்ல, வேண்டாம், காட்டாத. பேனாவ உள்ள வை கண்ணு. நீ திருத்திட்டா அப்புறம் அவளுக்கு என்ன இருக்கும்?

கதவத் தட்டி இதக் குடுத்துட்டு வெளியவே நிப்பேன். அவ திருத்தட்டும். சுழிக்கட்டும், மார்க் போடட்டும், எட்டரையே போடட்டும். எழுதி முடிச்சுட்டு வான்னு சொன்னா வாசல்லயே உக்காந்து திருத்தி எழுதுவேன், தேர் நெலைக்கு வந்து சேர்ற வரைக்கும் ஆனாலும் சரி.

பல்லடம் வந்துருச்சு போல. அந்தப் பையக் கொஞ்சம் எடுத்துக் குடு. பாத்து, ஓரத்துல ஒரு செவப்புப் பேனா சொருகியிருக்குது, விழுந்துரப் போகுது. புதுசு. அவ வீட்டுல இருக்குமோ என்னமோன்னு வாங்கிட்டு வந்தேன்.